இன்ஜினியரிங் சேந்தாச்சு, ஆனா படிக்கவே பிடிக்கல: அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதில்களும்

கொஞ்ச வருஷம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல ட்ரிபிள் ஈ பாடம் எடுத்தேன். செகண்ட் இயர் கிளாஸ் அட்வைஸர் வேலை எப்பவும் என் தலைல தான் வந்து விழும். இப்ப வேற வேலைல இருக்கேன், ஆனாலும் பழைய பசங்க, அவங்க தம்பி தங்கச்சி, அவங்க ஜூனியர்னு யாராவது கேட்டுட்டே தான் இருக்காங்க, ஒரே பதிலை திரும்ப திரும்ப டைப் பண்ண முடியல, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். தமிழ்நாடு, அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ் மனசுல வச்சு எழுதினது இது, ரூல்னு நான் சொல்றதெல்லாம் 2021 ரெகுலேஷன். அட்டானமஸ் காலேஜ்னா உங்க ரெகுலேஷன் புக் தனி, அதை எடுத்து ஒரு தடவையாவது பாருங்க, சேர்ற அன்னைக்கு குடுத்ததோட சரி, யாரும் திறக்கறதே இல்ல.

அக்கா, ஃபர்ஸ்ட் இயர் எப்படியோ போயிடுச்சு. செகண்ட் இயர் வந்ததும் புக்கை தொடவே பிடிக்கல. தப்பான டிபார்ட்மெண்ட் எடுத்துட்டேனா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு வர்ற கேள்வில பாதிக்கு மேல இதுதான், எல்லாரும் ரெண்டு விஷயத்தை ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. படிக்க மனசு வரலைங்கறது ஒரு விஷயம், டிபார்ட்மெண்ட் தப்புங்கறது வேற விஷயம். முதல் விஷயத்துக்கு பத்து காரணம் இருக்கும், அதுல ஒண்ணுதான் ரெண்டாவது.

ஃபர்ஸ்ட் இயர்ல நீ என்ன படிச்ச? மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், இங்கிலீஷ், தமிழர் மரபு. எல்லா டிபார்ட்மெண்டுக்கும் கிட்டத்தட்ட இதே தான், பன்னெண்டாவதோட நீட்சி மாதிரி. மூணாவது செமஸ்டர்ல தான் உன் டிபார்ட்மெண்ட் முகத்தையே நீ முதல் தடவையா பாக்குற. மெக் பசங்களுக்கு தெர்மோடைனமிக்ஸும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் ஒரே நேரத்துல வந்து நிக்கும், ஈசிஇ பசங்களுக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்னா கேம் பண்ணலாம்னு வந்தவனுக்கு டிஸ்க்ரீட் மேத்ஸும் டேட்டா ஸ்ட்ரக்சரும். அதனால செகண்ட் இயர்ல தொய்வு வர்றது ரொம்ப சகஜம், கிளாஸ்ல பாதி பேருக்கு வரும், மத்தவங்க வெளிய காட்டிக்க மாட்டாங்க அவ்ளோதான்.

இப்ப ஒரு பேப்பர் எடு. இந்த செமஸ்டர் சப்ஜெக்ட் ஒவ்வொண்ணா எழுதி பக்கத்துல ஏன் பிடிக்கலன்னு எழுது. "போர்"னு எழுதக்கூடாது, காரணம் வேணும். "மேடம் பிபிடி வாசிக்கறாங்க", "அஞ்சாவது பீரியட், சாப்பிட்டு தூக்கம் வருது", "ரெக்கார்ட் எழுதியே கை போச்சு", "முத ரெண்டு யூனிட் போகல, இப்ப எதுவும் புரியல" இந்த மாதிரி வந்தா அது டிபார்ட்மெண்ட் மேல தப்பில்ல, நீ வெறுக்கறது காலேஜ் நடத்தற விதத்தை. வேற டிபார்ட்மெண்ட் போனாலும் அதே ரெக்கார்ட் நோட், அதே ஹெச்ஓடி சைன், அதே அஞ்சாவது பீரியட். அப்படி இல்லாம "புரியுது, ஆனா புரிஞ்சும் இதைப்பத்தி மேல தெரிஞ்சுக்கணும்னு ஒரு துளி கூட தோணல"ன்னு நாலு கோர் சப்ஜெக்டுக்கும் வந்துச்சுன்னா, அது தான் டிபார்ட்மெண்ட் பிரச்சினை.

சந்தேகமா இருந்தா ஒரு சோதனை. அதே சப்ஜெக்டை என்பிடெல்ல வேற ஒரு ப்ரொஃபசர் நடத்தறதை ரெண்டு மூணு வாரம் பாரு, ஐஐடி ஆளுங்க எடுத்தது, காசு கிடையாது. ஆள் மாறினதும் ஆர்வம் வந்துச்சுன்னா விடை கிடைச்சாச்சு. வரலைன்னாலும் விடை கிடைச்சாச்சு.

கட் ஆஃபுக்கு கிடைச்சதை எடுத்தேன், பிடிச்சு எடுக்கல. அப்ப ஆரம்பமே தப்பு தானே?

உன்ன மாதிரி தான் முக்கால்வாசி பேர். கட் ஆஃப்னா என்ன, மேத்ஸ் நூறுக்கு, பிசிக்ஸ் அம்பதுக்கு, கெமிஸ்ட்ரி அம்பதுக்கு, கூட்டினா 200. அந்த நம்பர்ல உனக்கு என்ன பிடிக்கும்னு ஒரு இடத்துலயும் இல்ல. 2007ல என்ட்ரன்ஸ் எடுத்ததுலேருந்து இந்த நம்பர் தான் எல்லாம். முன்னாடி குடும்பத்தோட கிண்டிக்கு வண்டி ஏறி போய் கவுன்சிலிங் ஹால்ல ஸ்க்ரீன் பாத்து எடுப்பாங்க, 2018லேருந்து ஆன்லைன், இப்ப பக்கத்து தெரு அண்ணன் ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்து சாய்ஸ் போட்டு குடுத்துடறான். பதினேழு வயசுல, ஒரு சிலபஸ் கூட பாக்காம, கெட்டுப்போன தூக்கத்தோட போட்ட லிஸ்ட் அது. அதை வச்சு "நான் எடுத்த முடிவு தப்பு"ன்னு உன்னையே திட்டிக்கறது நியாயமே இல்ல. முடிவுன்னு ஒண்ணு நீ இன்னும் எடுக்கவே இல்ல, இப்பதான் எடுக்கப்போற.

இதே காலேஜ்ல டிபார்ட்மெண்ட் மாத்த முடியுமா?

சீக்கிரம் கேளு, அவ்ளோதான் இதுல சூட்சுமம். காலி சீட் இருக்கணும், ரூல் இடம் குடுக்கணும், ஆஃபீஸ்ல எழுத்துல கேக்கணும், கேன்டீன்ல சீனியர் சொன்னதை நம்பக்கூடாது. மூணாவது செமஸ்டர் பேப்பரெல்லாம் எழுதி முடிச்சுட்டு வந்து கேட்டா கிட்டத்தட்ட கதை முடிஞ்சுது, ஏன்னா அதுக்கப்புறம் ரெண்டு டிபார்ட்மெண்டுக்கும் பேப்பரே வேற வேற.

அப்ப விட்டுட்டு வேற கோர்ஸ் சேரட்டுமா?

எந்த வருஷத்துல நிக்கறங்கறத பொறுத்தது. முதல் செமஸ்டர்ல, இது எனக்கு இல்லவே இல்லன்னு தெளிவா தெரிஞ்சு, எங்க போகணும்ங்கறதும் தெரிஞ்சு விடறவங்களை நான் தடுத்ததே இல்ல, ஒரு வருஷம் போகும், ஒரு வருஷ ஃபீஸ் போகும், அது தாங்கக்கூடிய நஷ்டம். மூணாவது வருஷத்துல விடறேன்னு வந்தா மட்டும் நான் சண்டை போடுவேன்.

காரணம் சொல்றேன். நம்ம ஊர் சிஸ்டத்துல நடுவுல இருக்கற கதவு கம்மி, கடைசில இருக்கற கதவு நிறைய. பி.இ. எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும் முடிச்சுட்டா டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எழுதலாம், யுபிஎஸ்சி எழுதலாம், டான்செட் எழுதி எம்பிஏ, எம்சிஏ போகலாம். எம்.டெக்.க்கான கேட் நுழைவுத் தேர்வுல உன் டிபார்ட்மெண்ட் பேப்பர் தான் எழுதணும்னு ஒண்ணும் இல்ல, சிவில் படிச்சவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர் எழுதலாம், 2024லேருந்து டேட்டா சயின்ஸ் ஏஐன்னு தனி பேப்பரே வந்தாச்சு, தேர்ட் இயர்லயே எழுதலாம், ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். ஆனா அந்த ஸ்கோரை வச்சு எந்த இன்ஸ்டிடியூட் எந்த டிகிரிக்காரங்களை எடுக்கும்னு ஒவ்வொண்ணா பாத்துக்கணும். அஞ்சு செமஸ்டர் முடிச்சுட்டு விட்டா இது அத்தனையும் போயி கைல மிச்சம் பன்னெண்டாவது மார்க்ஷீட் மட்டும் தான்.

கலாம் கதையை மேடைக்கு மேடை சொல்றாங்க, ஆனா அவர் முதல் டிகிரி தனக்கானது இல்லன்னு லேட்டா உணர்ந்தவர்ங்கறத சொல்றதில்ல. திருச்சி செயின்ட் ஜோசப்ல பிசிக்ஸ், 1954ல முடிச்சார், முடிக்கற சமயத்துல தான் தனக்கு வேண்டியது இன்ஜினியரிங்னு தெரிஞ்சு குரோம்பேட்டை எம்ஐடிக்கு போனார். முடிச்சுட்டு போனார்ங்கறத கவனி. அந்த எம்ஐடி ஃபீஸுக்கு அவரோட அக்கா நகையை அடகு வச்சாங்கங்கறதையும் கவனி, மாறறதுக்கு ஒரு விலை இருக்கு, பல நேரம் அதை நம்ம குடுக்கறதில்ல, வீட்ல வேற யாரோ குடுக்கறாங்க.

விட்டா நாலு வருஷ ஃபீஸையும் கட்டணும், இல்லேன்னா சர்டிஃபிகேட் தரமாட்டோம்னு காலேஜ்ல சொல்றாங்களே?

ஏஐசிடிஇ, அதாவது அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில், அவங்க ரூல் படி நடுவுல போறவங்க கிட்ட மீதி வருஷ ஃபீஸ் கேக்கக்கூடாது, ஒரிஜினலை பிடிச்சு வைக்கவும் கூடாது. வாய்ல பேசாத, லெட்டரா எழுதிக் குடுத்து காப்பில சீல் வாங்கு. குடுக்கலைன்னா ஏஐசிடிஇ குறை தீர்க்கும் போர்ட்டல் இருக்கு, டோட்னு சொல்ற தொழில்நுட்பக் கல்வி இயக்கக ஆஃபீஸ் கிண்டில இருக்கு. நிறைய இடத்துல லெட்டரை பாத்ததுமே பேச்சு மாறிடும்.

விடாம, ஆனா எனக்கு பிடிச்சதையும் படிக்க வழி இருக்கா?

இருக்கு, இதை தான் நான் அதிகம் பேருக்கு சொல்றது. ஓபன் எலெக்டிவ்னு, வேற டிபார்ட்மெண்ட் பாடத்தை நீயே தேர்ந்தெடுக்கற பேப்பர் வரும், பசங்க எது ஈஸியா பாஸ் ஆகலாம்னு பாத்து எடுப்பாங்க, நீ அப்படி பண்ணாத, நீ போகணும்னு நினைக்கற பக்கமா எடு. மைனர் டிகிரின்னு ஒண்ணு இருக்கு, வேற துறைல கூடுதலா 18 கிரெடிட் படிச்சா டிகிரிலயே அது வரும், ஆனா அரியர் இல்லாம நல்ல சிஜிபிஏ இருக்கணும், எல்லா காலேஜும் எல்லா மைனரும் நடத்தறதும் இல்ல.

அடுத்து ரெண்டாவது டிகிரி. 2022லேருந்து ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி பண்ண யுஜிசி அனுமதி குடுத்தாச்சு, ஒண்ணு காலேஜ் போய், இன்னொண்ணு ஆன்லைன்லயோ தொலைதூரக் கல்வியாவோ. ஐஐடி மெட்ராஸோட டேட்டா சயின்ஸ் பிஎஸ் 2020ல ஆரம்பிச்சது, ஜேஇஇ வேணாம், நாலு வாரம் பாடம் படிச்சு குவாலிஃபையர் பாஸ் ஆனா உள்ள போகலாம். மெக், சிவில் பசங்க நிறைய பேர் இதை பண்றாங்க. தமிழ் இலக்கியம் பிடிச்ச ஒரு ஈசிஇ பொண்ணு தொலைதூரத்துல பி.ஏ. தமிழ் சேந்தா, ரெண்டுமே ஓடிட்டு இருக்கு. ஆனா ஏற்கனவே அரியர் இருக்கறவங்க இதை தொடாதீங்க, ரெண்டுலயும் காலை விட்டு ரெண்டையும் முடிக்காம நிக்கற கேஸ் நான் நிறைய பாத்துட்டேன்.

ஆறு அரியர் இருக்கு அக்கா. நினைச்சாலே போன் எடுத்து ரீல்ஸ் பாக்க தான் தோணுது.

ஆறுன்னு மொத்தமா நினைச்சா யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் தோணும். கணக்கு போடு முதல்ல. தியரி பேப்பர்ல இன்டர்னல் 40, செமஸ்டர் 60. பாஸுக்கு மொத்தம் 50 வேணும், அதோட செமஸ்டர் பேப்பர்ல மட்டும் தனியா 45 சதவீதமாவது எடுத்திருக்கணும். அதாவது இன்டர்னல் 23 வச்சிருந்தா, நூறுக்கு எழுதற பேப்பர்ல (அதைத்தான் 60க்கு சுருக்கறாங்க) 45 வாங்கினா பாஸ். இன்டர்னல் 15 தான்னா பேப்பர்ல 59 வேணும். ஒரே அரியர் மாதிரி தெரியும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒரு யூனிட் வித்தியாசம். ஆறு பேப்பருக்கும் இந்த நம்பரை போட்டு எது பக்கத்துல இருக்குன்னு பாரு. இன்டர்னல் நல்லா இருக்கற ரெண்டை இந்த தடவை தூக்கு, அது போக ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் இருந்தா அதையும் சேத்துக்கோ, ஏன்னா அது இல்லாம அடுத்த சப்ஜெக்ட் எதுவும் மண்டைல ஏறாது. மீதி மூணுக்கும் ஃபீஸ் கட்டு, எழுது, ஆனா நம்பிக்கைய அதுல வைக்காத.

மனசு வந்தப்புறம் படிக்கலாம்னு உக்காந்தா வராது. நான் பாத்த வரைக்கும் ஒரு அரியர் கிளியர் ஆன ரிசல்ட் பாத்த அன்னைக்கு தான் பசங்களுக்கு மனசு வருது. மொத்தம் 14 செமஸ்டர், அதாவது ஏழு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, ஆனா வேலைக்கு ஆள் எடுக்க வர்ற நிறைய கம்பெனி, இன்னும் கிளியர் ஆகாம நிக்கற அரியர் இருந்தா உள்ளயே விடாது. கிளியர் பண்ண பழைய அரியரை பத்தி அவ்ளோ கவலைப்படறதில்ல.

அட்டெண்டன்ஸ் 68ல நிக்குது, என்ன ஆகும்?

75 வேணும். 65க்கும் 75க்கும் நடுவுலன்னா மெடிக்கல் சர்டிஃபிகேட் மாதிரி தகுந்த காரணம் காட்டி ஃபீஸ் கட்டி எழுதலாம். 65க்கு கீழ போனா அந்த செமஸ்டரையே அடுத்த வருஷம் ஜூனியரோட உக்காந்து படிக்கணும். மனசு விட்டுப்போன பசங்க முதல்ல தோக்கறது பரிட்சைல இல்ல, இங்க தான். வேற எதுவும் முடியலன்னா கூட போய் கிளாஸ்ல உக்காரு, கடைசி பெஞ்ச்ல தூங்கு, பரவாயில்ல.

நான் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் வருவேன், இங்க ஒண்ணும் புரியல, எனக்கு மூளை இல்லையோன்னு தோணுது.

மூளைக்கு ஒண்ணும் இல்லப்பா. 2021லேருந்து கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல நிறைய பேர் உன்ன மாதிரி வர்றாங்க, சீட்டும் ஃபீஸும் அரசாங்கம் குடுத்துச்சு, ஆனா மொழி மாறற அந்த ஆறு மாசத்தை யாரும் குடுக்கல. நீ விசையையும் முடுக்கத்தையும் நல்லா தெரிஞ்சவன், ஃபோர்ஸ், ஆக்ஸிலரேஷன்னு அவர் வேகமா சொல்றப்ப தெரிஞ்ச ஆளையே அடையாளம் தெரியாம நிக்கற, அவ்ளோதான். ஒரு நோட்டு போட்டு சப்ஜெக்டுக்கு ஒரு அம்பது வார்த்தை, இந்த பக்கம் இங்கிலீஷ், அந்த பக்கம் நீ பதினொண்ணுல படிச்ச தமிழ். பரிட்சைல நீளமா வாக்கியம் எழுத முயற்சி பண்ணாத, படம், ஃபார்முலா, ஸ்டெப்னு போடு, நான் பேப்பர் திருத்தியிருக்கேன், மார்க் அதுக்கு தான் விழும். அப்புறம் 2010லயே அண்ணா யுனிவர்சிட்டில சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ் மீடியத்துல ஆரம்பிச்சாங்க, தமிழ்ல இன்ஜினியரிங் படிக்க முடியாதுன்னு உன்கிட்ட யாராவது நக்கல் பண்ணா இதை சொல்லு.

இதை டிபார்ட்மெண்ட் தப்புன்னு நினைச்சு விட்டுடாத, ப்ளீஸ். விட்டவங்கள்ல நல்லா படிக்கறவங்க தான் அதிகம்.

எந்த டிபார்ட்மெண்டா இருந்தா என்ன, கோடிங் கத்துக்கிட்டா ஐடில வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா?

ஓரளவு நிஜம். பெரிய ஐடி கம்பெனிங்க எல்லா டிபார்ட்மெண்டையும் எடுக்கும், சுந்தர் பிச்சை படிச்சதே மெட்டலர்ஜி. ஆனா கோடிங் பிடிக்காதவன் வேற வழி இல்லன்னு போனா, இப்ப தெர்மோடைனமிக்ஸ் மேல இருக்கற அதே வெறுப்பு நாளைக்கு சம்பளத்தோட வரும், அவ்ளோதான் வித்தியாசம். சம்பளம் பெரிய வித்தியாசம் தான், அதையும் சொல்லிடறேன்.

மோட்டிவேஷன் வீடியோ எதாவது சொல்லுங்க.

வேணாம்.

தங்கச்சி பன்னெண்டாவது. அவளாவது சரியா எடுக்க என்ன பாக்கணும்?

பேரை பாக்காம பேப்பரை பாக்கணும். யுனிவர்சிட்டி சைட்ல சிலபஸ் பிடிஎஃப் சும்மா கிடைக்குது, அதுல ஃபர்ஸ்ட் இயரை தள்ளிட்டு மூணாவதுலேருந்து அஞ்சாவது செமஸ்டர் வரைக்கும் சப்ஜெக்ட் பேரை படிக்கச் சொல்லு, ஏதாவது ரெண்டுக்கு என்பிடெல் முதல் வாரத்தை பாக்கச் சொல்லு. இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும், லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கூட யாரும் செலவு பண்றதில்லங்கறது தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆச்சரியம்.

பயோ மேத்ஸ் எடுத்து நீட் கிடைக்காம வர்றவங்க பயோமெடிக்கல்னு பேரை பாத்து டாக்டர் வேலைக்கு பக்கத்துலன்னு நினைச்சு எடுக்கறாங்க, உள்ள போனா பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், சிக்னல், சர்க்யூட். சர்க்யூட் பிடிக்கும்னா அருமையான கோர்ஸ், பிடிக்காதுன்னா நாலு வருஷம் அழுகை. யார்கிட்ட கேக்கணும்னா, இப்ப தேர்ட் இயர் படிக்கறவங்க கிட்ட. வேலை கிடைச்சவங்க கிட்ட கேட்டா எல்லாமே நல்ல கோர்ஸ்னு தான் வரும்.

காலேஜா டிபார்ட்மெண்டான்னா, ரொம்ப நல்ல காலேஜ்ல பிடிக்கறதுக்கு கொஞ்சம் பக்கத்துல இருக்கற டிபார்ட்மெண்ட் கிடைச்சா நான் காலேஜை எடுப்பேன், சுத்தமா பிடிக்காததுன்னா எடுக்க மாட்டேன். இதுல என்னோட சண்டை போடறவங்க நிறைய, போடட்டும்.

படிப்பு மட்டும் இல்ல, எதுவுமே பிடிக்கல. தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, யார்கிட்டயும் பேசப் பிடிக்கல.

அப்ப மேல எழுதின எதுவும் உனக்கு இல்ல, டிபார்ட்மெண்ட் பத்தி இப்ப எந்த முடிவும் எடுக்காத. முன்னாடி ரசிச்ச கிரிக்கெட், பாட்டு, பிரியாணி கூட ரெண்டு வாரமா பிடிக்கலன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, டாக்டர் பாக்க வேண்டிய விஷயம், காய்ச்சலுக்கு போற மாதிரி தான். கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு. டெலி மானஸ்னு அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. 104 ஹெல்த் ஹெல்ப்லைனும் இருக்கு. செத்துடலாம்னு நினைப்பு வந்தா ரூம்ல தனியா இருக்காத, அந்த நிமிஷமே பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட வாய் விட்டு சொல்லு, அப்புறம் கூப்பிடு. உடம்பு காரணமா ஒரு வருஷம் வரைக்கும் முன்அனுமதியோட பிரேக் எடுக்க ரெகுலேஷன்ல இடம் இருக்கு, சீட் போகாது.

அக்கா, பிடிக்கலன்னு வீட்ல சொன்னா படிப்பை நிறுத்தி கல்யாணம் பண்ணி வச்சிடுவாங்க.

இந்த கேள்வி பொண்ணுங்க கிட்டருந்து மட்டும் தான் வரும், வேற வேற ஊர்லேருந்து இதே வார்த்தைல வரும். நேராவே சொல்றேன், உன் நிலைமைல "பிடிக்கல"ங்கற வார்த்தையை வீட்ல விடாத. உனக்கு அந்த நாலு வருஷம் வெறும் டிகிரி இல்ல, நீ யாருன்னு தெரிஞ்சுக்க கிடைச்ச நேரம், அதை கோர்ஸ் பிடிக்கலன்னு நீயே திருப்பிக் குடுக்காத. பாஸ் மார்க் வாங்கு, அரியர் வைக்காத, மீதி நேரத்துல உனக்கு வேண்டியதை படி. கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுலேருந்து படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, படிக்கற வரைக்கும் தான் வரும், அது உன் அக்கவுண்ட்ல வரட்டும், பரிட்சை ஃபீஸ், அப்ளிகேஷன் ஃபீஸுக்கு யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம். ஃபைனல் இயர்ல வேலையோ மேல்படிப்பு சீட்டோ கைல வச்சுட்டு பேசற பேச்சு வேற, செகண்ட் இயர்ல அழுதுட்டு பேசற பேச்சு வேற.

நாங்க பெற்றோர். பையன் ரெண்டாவது வருஷம், ஒரு மாசமா காலேஜ் போக மாட்டேங்கறான், கேட்டா கதவை சாத்திக்கறான். என்ன பண்றது?

முதல்ல ஃபீஸ் கணக்கை பேசாதீங்க, அவனுக்கு அது உங்களை விட நல்லா தெரியும், அதனால தான் கதவே சாத்தறான். பக்கத்து வீட்டு பையன் பிளேஸ்மென்டையும் பேசாதீங்க. மேல சொன்ன தூக்கம், சாப்பாடு விஷயம் எல்லாம் இருக்கான்னு பாருங்க, இருந்தா டாக்டர் தான் முதல். ராகிங், காதல், ஆன்லைன் ரம்மி கடன், இதுல ஏதாவது இருக்கலாம், "திட்ட மாட்டேன்"னு சொல்லிட்டு கேளுங்க, சொன்னப்புறம் நிஜமாவே திட்டாதீங்க. அப்புறம் அவன் கூட இல்லாம நீங்க மட்டும் போய் கிளாஸ் அட்வைஸரை பாருங்க, ஹெச்ஓடி வேணாம், அட்வைஸர் தான், அட்டெண்டன்ஸ் எத்தனை இருக்கு, இந்த செமஸ்டரை காப்பாத்த முடியுமான்னு கேளுங்க. முடியும்னா எத்தனை நாள் வரணும்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க. அந்த நம்பரை மட்டும் அவன்கிட்ட சொல்லுங்க.